ரஃப் என்றால் ஜெர்மனில் என்ன?

போன வாரம் ஒரு ஜெர்மன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தேன். பயப்படாதீர்கள், வேலை எனக்கில்லை! கராச்சர்மாவில் எங்கள் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் கலைவாணிக்கு. கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். ஏற்கெனவே இரண்டு முறை தவறிவிட்டது. இதுவும் போனால் ஏஜென்சியில் பெயரை நீக்கிவிடுவார்கள்.

"கஷ்டமான ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்" – இந்தக் கேள்வி கட்டாயம் வருமாம். பதிலை இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தாள். வரிக்கு வரி 'ரஃப்'! கடல் ரஃப், நாள் ரஃப், நோயாளியின் வீட்டுக்காரரும் ரஃப்.

தீவுக்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். கடல் ரஃப் என்றால் போட் கேன்சல், அவ்வளவுதான். ஜெர்மன்காரர்கள் விடுவார்களா? கடலுக்கு 'ராவ்', நாளுக்கு 'ஷ்வேர்', முரட்டு மனுஷனுக்கு 'க்ரோப்'. மொபைல் அகராதியைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் அவளை மனப்பாடம் செய்ய வைத்தது நான்தான். எனக்கு ஜெர்மன் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேள்வி வந்தது. கடல் 'ராவ்' என்றாள். சபாஷ்! அடுத்து, அந்த நாள்... அந்த நாள்...

"மத்லப்..." என்றாள்.

போச்சு! வார்த்தை கிடைக்காவிட்டால் 'அதாவது' என்று இழுக்க, தீவில் எல்லோருக்கும் வாயில் வரும் இந்திச் சொல். அதைப் போய் ஜெர்மன் அம்மாளிடமா?

கலைவாணி பேப்பரைக் கவிழ்த்து வைத்தாள். தெரிந்த சின்னச் சின்ன வார்த்தைகளில் சொல்ல ஆரம்பித்தாள். காற்று. கப்பல் இல்லை. ஹெலிகாப்டர் இல்லை. ஒரு தாய், பிரசவ வலி. இரண்டு நாள் நான் தூங்கவில்லை. குழந்தை அழுதது. நானும் அழுதேன்.

திரையில் அந்த அம்மாள் ஏதோ கேட்டார்.

"பொண்ணா பையனான்னு கேக்குறாங்கக்கா!" – கேமராவை மறந்து என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால், நம் தீவு இந்தியும் இப்படித்தானே? பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நாம் – யாருக்கும் அதில் ஆண்பால் பெண்பால் உருப்படியாக வராது. அதற்காக யாராவது மீன் வாங்காமல் வீடு திரும்பியதுண்டா?

நேற்று மெயில் வந்தது. செலக்டட்! மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஹோ கயா அக்கா! அன்னிக்கு மறந்த வார்த்தைகூட இப்பத்தான் நெனப்பு வந்திச்சி. கஷ்டமான நாளுக்கு ஷ்வேர்!"

"சந்தோஷம்மா. போற எடத்துல அந்த வார்த்தை ஒனக்குத் தேவைப்படாமலே போகட்டும்."