செலவு யாருது?

வக்கீல் ரெங்கசாமியின் பெயரைக் கேட்டாலே ரெத்தினத்துக்கு இன்றைக்கும் வாயெல்லாம் கசக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். அவரைத் திட்டத் தொடங்குவான். முடிக்கும்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டு நிற்பான். கை போனது அவன் அக்கா ராமாயிக்கு. வக்கீலிடம் பேச்சை முடித்தது அவன்.

ராமாயி பாபநாசத்துப் பக்கம் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து நடவு ஒப்பந்தம் எடுத்து நடத்தியவள். நிலத்துக்காரர் என்ன கூலி சொன்னாலும் சட்டென்று தலையாட்ட மாட்டாள். "நாத்து பறிக்கிறது யாரு? நாத்துக்கட்டைச் சுமந்துட்டு வர்றது யாரு? டீக்காசு யாருது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"சம்பந்தம் பேச வந்தவ மாதிரி இத்தனை கேள்வி கேக்குறியே" என்பார்கள்.

"சம்பந்தத்துல ஏமாந்தா ஒரு வீடுதான் அழும். இதுல பன்னெண்டு வீடு அழும்" என்பாள்.

அப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த காசில்தான் மகன் பரிதிக்கென்று இரண்டு மா நிலம் வாங்கினாள். அவர்கள் தெருவில் ஒரு பெண் பெயரில் பத்திரம் பதிவான முதல் நிலம் அது.

தொண்ணூற்றாறு ஆனி மாதம், நடவு முடிந்து சாலையோரமாக வந்துகொண்டிருந்தவளைத் தனியார் பஸ் ஒன்று இடித்துத் தள்ளியது. வலது கை நசுங்கிப்போனது. இரண்டு ஆபரேஷன். செலவுக்கு நிலத்தை எண்பதாயிரத்துக்கு ஒரு உரக்கடைக்காரரிடம் ஒத்தி வைத்தார்கள். நாலு வருஷத்தில் பணத்தைக் கட்டினால் நிலம் திரும்பும்; இல்லாவிட்டால் அவருக்கே கிரயம் என்று பேச்சு.

ஆபரேஷன் முடிந்து அக்கா மயக்கத்தில் கிடந்தபோது, ஒரு பை சாத்துக்குடியோடு வைத்தியலிங்கம் வந்தார். வக்கீல் ரெங்கசாமியின் குமாஸ்தா. "நஷ்டஈடு இன்சூரன்ஸ்காரன் தரணும். முன்பணம் ஒரு பைசா வேணாம். வர்றதுல பாதி எங்களுக்கு."

ரெத்தினம் டிராக்டர் ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு சரி. கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனால் பங்கு என்றதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாரத்துக்கு நிலம் விடுகிற மாதிரிதானே. நிலம் ஒருத்தருடையது, பாடு இன்னொருத்தருடையது. விதையும் எருவும் உழுகிறவன் பொறுப்பு. விளைந்ததைக் களத்தில் பங்கு போட்டுக்கொள்வார்கள். இங்கே நிலம் அக்காவின் கை, உழுகிறவர் வக்கீல். இதில் கேட்க என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பாதியை நாலில் ஒன்றாக இறக்கினான். நீட்டிய காகிதங்களில் அக்காவின் இடது கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினான். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் படித்தவள் அவள். அதைப் போட்ட கை கட்டுக்குள் கிடந்தது.

அக்கா கண் விழித்ததும் பேரத்தைப் பெருமையாகச் சொன்னான். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"செலவு யாருதுன்னு கேட்டியாடா?"

"அதெல்லாம் அவங்களோடதுதான்க்கா."

"அவங்க சொன்னாங்களா, நீயா சொல்றியா?"

அவன் சாத்துக்குடி உரிக்க ஆரம்பித்தான்.

நாலு வருஷம் வாய்தா மேல் வாய்தா. ஒத்திக் கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது, வட்டியோடு ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்தது. நாலில் ஒன்று போனால் தொண்ணூறு. ஒத்தியைத் திருப்பிப் பத்தாயிரம் மிஞ்சும் என்று ரெத்தினம் பஸ்ஸிலேயே மனக்கணக்கை முடித்துவிட்டான். வக்கீல் மேஜையில் ஐம்பத்தெட்டாயிரம்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு.

"மிச்சம் எங்க சார்?"

"செலவு" என்றார் ரெங்கசாமி. "கோர்ட்டுக் கட்டணம், நகல், டாக்டர் சர்டிபிகேட், சாட்சி. எல்லாம் சீட்டுல இருக்கு, பாரு."

"செலவு உங்களோடது இல்லீங்களா?"

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. "பங்குன்னா அப்படித்தானுங்க. வாரத்துல விதையும் எருவும்..."

வைத்தியலிங்கம் சிரித்தார். "இது என்ன களத்துமேடாப்பா? மரக்கா கொண்டாந்திருக்கியா அளக்க?"

"பேசினது நாலுல ஒண்ணுங்க."

"அது பீஸ். செலவு தனி" என்றார் வக்கீல். "இன்னொண்ணும் தெரிஞ்சுக்க. வர்றதுல பங்குன்னு வக்கீல் பேசறதே விதிப்படி கூடாது. அதனால எழுதி வைக்கிறதும் கிடையாது. நீ எங்க போய்க் கேட்டாலும் காட்டறதுக்கு உன்கிட்ட காகிதம் இல்ல."

கூடாததைச் செய்துவிட்டு, கூடாது என்பதையே சாக்காகச் சொல்கிற ஆளிடம் என்னதான் பேசுவது?

கூட வந்திருந்த ராமாயி அதுவரை சீட்டை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். "ஐயா, டாக்டர் சாட்சிக்கு அஞ்சாயிரம்னு போட்டிருக்கு. அன்னிக்குக் காலைலேர்ந்து நான் கோர்ட்டுலதான் உக்காந்திருந்தேன். டாக்டர் வரலீங்களே."

"வரலன்னாலும் கூப்பிட்ட செலவு உண்டும்மா" என்றார் குமாஸ்தா.

"வராத ஆளுக்கு நான் ஒருநாளும் கூலி கொடுத்ததில்லீங்க."

வக்கீல் குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து ஐயாயிரம் வெளியே வந்தது. அதற்கு மேல் ஒரு காசு பெயரவில்லை.

இன்னும் பதினேழாயிரம் வேண்டும். நடவுக்கு வந்த பெண்கள் நாலாயிரம் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றதற்கு ரெத்தினம் ஏறாத படி இல்லை; கெடு நாள்வரை புரளவில்லை. கையில் இருந்ததை நீட்டியபோது உரக்கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கெடுன்னா கெடுதான்ப்பா" என்றார். நிலம் போனது. நாலாயிரத்தை அந்தப் பெண்களிடமே கொடுத்துவிட்டு, மிச்சத்தை ராமாயி சிங்கப்பூர் ஏஜெண்டிடம் கட்டினாள். சொந்த வயலில் உழ வேண்டிய பரிதி அங்கே கட்டடத்துக்குக் கம்பி கட்டப் போனான்.

அவள் தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று ரெத்தினம் நினைத்துக்கொள்வான்.

இரண்டாயிரத்து எட்டில் ராமாயிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல், கட்டில் கிடைத்த ஏதோ ஒரு வார்டில் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் அதிராம்பட்டினத்து ஹபீபுன்னிசா. லாரி மோதிக் கால் உடைந்தவள். கணவர் துபாயில். மகள் சஃபியாதான் துணைக்கு. ஒரு நாள் காலை, ஒரு பை சாத்துக்குடியோடு யாரோ ஒருவர் வந்து அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தார். "முன்பணம் ஒண்ணும் வேணாம்மா" என்று தொடங்கினார்.

ராமாயிக்குப் பேசவே மூச்சு வாங்கியது. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தண்ணி வேணுமாக்கா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவனிடம் அவள் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"அந்தப் பொண்ணு பேனாவ எடுத்துட்டா பாரு. எந்திரிச்சுப் போய் அவ பக்கத்துல உக்காரு. செலவு யாருதுன்னு நீ கேளுடா."