நகர்ந்து உட்கார்ந்த செவ்வாய்

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் என் கடை. வெளியே பலகையில் 'கம்ப்யூட்டர் வேலைகள்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். உள்ளே செய்வதை விளக்கி எழுதினால் ஒருவரும் படியேற மாட்டார்கள். பழைய காலத்து மென்பொருள்கள் பலவற்றுக்குக் கணக்கையோ அறிக்கையையோ நேராகப் பிரிண்டருக்கு அனுப்பத்தான் தெரியும், சேமித்து வைக்கத் தெரியாது. அதனால் கெட்டிக்காரர்கள் சிலர் பிரிண்டருக்குப் போக வேண்டியதை வழிமறித்து அப்படியே கோப்பாக வைத்துக்கொண்டார்கள். பிரிண்டர் ஓடிய வரைக்கும் வம்பில்லை. அது காயலான் கடைக்குப் போன பிறகு அந்தக் கோப்பைத் திறந்தால் பேய் பிடித்தவன் கிறுக்கியது போல இருக்கும். தடித்த எழுத்தைத் தொடங்கு, நிறுத்து, தாளைத் தள்ளு என்று பிரிண்டருக்கு இட்ட கட்டளைகள் எல்லாம் விஷயத்தோடு விஷயமாகக் கலந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மனிதர் படிக்கிற வெறும் எழுத்தாக மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. கோழிப்பண்ணைக்காரர், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர், எடைமேடைக்காரர் என்று யாராவது ஒருவர் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

பொறுக்கும்போது நான் கை வைக்காதது இடைவெளியில் மட்டும்தான். அந்தக் காலத்து மென்பொருள்கள் கட்டங்களை இடைவெளி விட்டு விட்டுத்தான் கட்டின. ஒரு வரியில் முதல் கட்டம் காலியாக இருந்தால் அங்கே வெறும் வெற்றிடம் நிற்கும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதைச் சுருக்கினால், இரண்டாம் கட்டத்தில் இருந்தது முதல் கட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். எடைமேடைச் சீட்டில் காலி வண்டியின் எடை சரக்கு வண்டியின் எடையாகிவிடும். வேலைக்கு வருகிற பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

சென்ற ஆவணி மாதம், எங்கள் பக்கம் வரன் பார்த்துக் கொடுக்கிற திருமணத் தகவல் மையத்துக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, பின்னாலேயே ஆட்டோக்காரர் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு.

"அம்மிணி, நம்ம மையத்துப் பழைய ஜாதகமெல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள கெடக்குதுங்க. எல்லாத்தையும் போன்ல பாக்கற மாதிரி ஆப்புல ஏத்தோணும். படிக்கற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். என் அக்காவுக்கு வரன் பார்த்தவர் இவரேதான்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அப்பா போன பிறகு அம்மாதான் அக்காவின் பெயரை அந்த மையத்தில் பதிந்தாள். வீட்டில் இருந்த பழைய ஜாதகத்தைக் கறையான் தின்றுவிட்டதால், பிறந்த தேதியையும் நேரத்தையும் சொல்லி அங்கேயே கணிக்கச் சொன்னாள். கொஞ்ச நாளில் கலர் கலராக, மேலே பிள்ளையார் படம் போட்ட ஒரு பக்கம் வாட்ஸப்பில் வந்தது. அதில் சிம்ம லக்னம், மீனத்தில் செவ்வாய். அதாவது எட்டாம் இடத்தில். எட்டாம் இடம் தாலியின் இடம் என்பார்கள். அங்கே செவ்வாய் இருக்கிற பெண்ணைக் கட்டினால் புருஷன் தங்க மாட்டான் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அதே தோஷம் இருக்கிற மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்தால்தான் ஈடாகுமாம்.

மறுபடி கணித்துப் பாருங்கள் என்று ஒரு ஜோசியரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் போட்டது பொய்க்குமா என்று அந்தக் கலர் பக்கத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துப் பலன் சொன்னார்கள். நானோ ஜாதகமே புளுகு என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள். அதில் எது சரியான புளுகு என்று நான் ஏன் பார்க்கப் போகிறேன்?

வந்த வரனெல்லாம் அந்த எட்டாம் இடத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்களாக இருந்தால் போன் செய்து சொன்னார்கள். மற்றவர்கள் பதிலே சொல்லவில்லை. அக்கா ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்தாள். சேலை கட்டி, பூ வைத்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு அவசர அவசரமாக வேலைக்கு ஓடுவாள். தலையில் நரை தெரிய ஆரம்பித்த பிறகு பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு வரன் வந்தது. காவிரித் தண்ணீர் பாய்கிற வெற்றிலைக் கொடிக்கால். அவனுக்கும் எட்டில் செவ்வாய். குடிப்பான் என்று அப்போதே காதில் விழுந்தது. 'தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு' என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். வேலையை விடச் சொன்னான். அக்கா விட்டாள்.

கல்யாணமான சில மாதங்களிலேயே அடி ஆரம்பமாகிவிட்டது. குழந்தை உண்டாகவில்லை என்பதற்கு அடி, குழம்பில் உப்புக்கு அடி, காரணம் கிடைக்காத நாளில் காரணம் இல்லாமல் அடி. அவளுடைய இடது காது இப்போது கேட்காது. போன ஆடியில் கையை முறுக்கியதில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போயிற்று. கட்டுப் போட்ட கையோடு அம்மா வீட்டுக்கு வந்தவளைச் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, 'ரெண்டு செவ்வா ஒரு ஊட்டுக்குள்ள இருந்தா அப்புடித்தான்' என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும் போல எனக்கு வந்தது.

"என்னோட வந்துரு அக்கா. மாடியில இன்னொரு ரூம் சும்மாதான் கெடக்குது" என்று கெஞ்சினேன்.

"எங்க போனாலும் என்ர கட்டமும் கூடத்தானே வரும் சாமி" என்றாள் அக்கா. "இவன் இல்லீன்னா இன்னொருத்தன். எனக்கு எழுதுனது அது. அதுவுமில்லாம நான் பிரிஞ்சு வந்து அந்த ஆளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, எட்டாமிடத்துக்காரி முழுங்கிப்போட்டான்னுதான் சொல்லுவாங்க. உடு."

கட்டுப் பிரித்த வாரமே திரும்பிப் போய்விட்டாள். நான் போலீசைப் பற்றிப் பேசினேன், வக்கீலைப் பற்றிப் பேசினேன். அவள் பிடித்துவைத்திருந்தது அந்த ஒரு கட்டத்தை. அதை அவளிடமிருந்து பிடுங்காமல் அவளை அந்த வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிடுங்குவதற்குத்தான் வழி தெரியவில்லை. இந்த நிலையில்தான் மையத்துக்காரர் பெட்டியோடு வந்து நின்றார்.

பெட்டியைத் திறந்தேன். எல்லாம் பிரிண்டருக்குப் போக வேண்டிய கோப்புகள். பிறந்த தேதி போட்டால் கட்டம் கணித்து, தடதடவென்று அடிக்கிற ஊசி பிரிண்டருக்கு அனுப்புகிற மென்பொருள் அது. கிரகங்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டிரண்டு எழுத்து. செவ்வாய்க்கு, மார்ஸ் என்பதால், 'எம்.ஏ.'; பட்டம் வாங்கிய கிரகம்.

கட்டளைகளை எல்லாம் நீக்குவதற்கு நான் ஒரு சிறு நிரல் எழுதினேன். சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு கோப்பில் சோதிக்க வேண்டும். எதில் சோதிப்பது? கோப்புகளுக்குப் பதிவு எண்தான் பெயர். அம்மா வருடக்கணக்காக போனில் கத்திக் கத்திச் சொல்லி எனக்கு மனப்பாடமாகியிருந்த அக்காவின் பதிவு எண் ஒன்றுதான். அதைத் தேடி எடுத்துப் போட்டேன்.

திரையில் கட்டம் வந்தது. ஓரங்கள் நேராக, காலிக் கட்டங்கள் காலியாக, அச்சு அசலாக. நான் செய்த வேலையில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். மேல் வரிசையில் முதல் கட்டம் மீனம். அது காலியாக இருந்தது. அடுத்தது மேஷம். செவ்வாய் அங்கே இருந்தது.

கையில் இருந்த போனில் அந்தப் பிள்ளையார் படம் போட்ட பக்கத்தைத் தேடி எடுத்தேன். அதில் செவ்வாய் மீனத்தில். மறுபடி திரையைப் பார்த்தேன். என்ன நடந்திருக்கும் என்று வேறு யாருக்கும் தெரிய நேரமாகியிருக்கும். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கோப்பை எழுத்தாக மாற்றிய எவனோ இடைவெளிகளைச் சுருக்கியிருக்கிறான். காலி மீனம் காணாமல் போய், மேஷத்துச் செவ்வாய் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. அதை அப்படியே பார்த்துக் கலர்க் கட்டத்தில் நிரப்பியிருக்கிறார்கள். பிறந்த நேரத்தைப் போட்டு வேறு வேறு ஆப்களில் கணித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேஷம்தான். ஒன்பதாம் இடம், சொந்த வீடு. தோஷமில்லை. ஜோசியர்கள் பாஷையில் சொன்னால் அமோகமான இடம்.

கழிப்பறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

மையத்துக்காரரை வரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஒரு பையன் இருந்தானுங்க. அவன் பண்ணுனது. இப்பத் திருப்பூர்ல எங்கியோ இருக்கறான்."

"இது எங்க அக்கா ஜாதகமுங்க."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். இப்போது அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"நடந்தது நடந்துபோச்சு அம்மிணி. யாரும் வேணும்னு பண்ணலீங்களே. புதுசுல சரியாப் போட்டுருங்க. வெளிய சொல்லிக்காதீங்க, எத்தனையோ ஊட்டுப் பொழப்பு இதுல இருக்குது."

"எத்தனை ஊட்டுப் பொழப்பு இதுல போச்சுங்கறதையும் பாத்துருவோமுங்களா?" என்று கேட்டேன். முதல் கட்டம் காலியாக இருந்த ஜாதகம் ஒவ்வொன்றிலும் கிரகங்கள் இப்படித்தான் நகர்ந்திருக்கும். பெட்டியைத் தராமல் அவரை வெறுங்கையோடு அனுப்பினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் சரியான கட்டத்தை நானே அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன்.

முதல் வீடு அக்காவுடையது. கட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு, பரமத்தி வேலூர் வழியாகப் போகிற கரூர் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடங்களில் முதல் தடவையாக என் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு வர ஒரு பெரிய பையைக்கூட மடித்து வைத்திருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஜன்னலோரம் கிடைக்குமா என்றெல்லாம் யோசித்தேன்.

மத்தியான நேரம். அவன் வெளியே போயிருந்தான். அக்கா கொட்டகையில் ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். முறிந்த மணிக்கட்டு சரியாகத் திரும்பாததால் முழங்கையை வளைத்து வளைத்து அடுக்கினாள். கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்டர், கோப்பு, இடைவெளி, நகர்ந்துபோன கட்டம். படித்தவள், ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

"இதுல செவ்வா எங்க இருக்குது?"

"ஒம்பதுல. உனக்குத் தோஷமே இல்ல அக்கா. எப்பவுமே இருந்ததில்ல."

தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் அந்தக் காலிக் கட்டத்தைத் தொட்டாள். சிரிப்பாள் அல்லது அழுவாள், இரண்டில் ஒன்றுக்கு நான் தயாராக இருந்தேன்.

"அப்ப நான் வாங்குன அடியெல்லாம் யாருது சாமி?" என்று கேட்டாள்.

பையைக் காட்டி, "வா அக்கா, போயர்லாம். இப்பவே" என்றேன்.

"இந்த வயசுல, இந்தக் கையை வெச்சுக்கிட்டு எங்க வாரது? அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? செவ்வா ஒரு கட்டம் தள்ளி உக்காந்துருச்சு, அதனால என்னை இங்க தள்ளிப்போட்டீங்கன்னா?" குரலை அவள் உயர்த்தவே இல்லை. தாளை நான்காக மடித்து என் மடியில் வைத்தாள். "நீ நல்லதுன்னுதான் கொண்டாந்த. எனக்குத் தெரியும்."

வாசலில் அவனுடைய வண்டிச் சத்தம் கேட்டது. அது அவளுக்கு எப்படிக் கேட்டதோ, உடம்பு முழுக்க ஒரு முறை சுருங்கி நிமிர்ந்தது. அவசரமாக எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"முந்தியெல்லாம் அடிச்சா அழுகை வராது சாமி, தலையெழுத்துன்னு இருந்துக்குவேன்" என்றாள். "இனிமே வரும்."

சொல்லிவிட்டு, அவனுக்குச் சோறு போட உள்ளே போனாள்.