நாலாம் கம்பத்து இரும்பு வேலி

சால்கினாய் தேநீர்க் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் கணினித் திரையைப் பார்த்து ஏசுகிறாள். "வந்துட்டான் பாரு பத்தொம்பது. மலை விளிம்புல ஏறும்போதே இளைக்கிறான். பதினொண்ணு எங்க? கிழவி இன்னும் எந்திரிக்கலையா?" அவள் ஏசுவது மனிதரை அல்ல, தலைக்கு மேலே வெகு உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை. ஆட்டிடையன் மகள் அல்லவா, பட்டியைத் திறந்துவிட்டு ஆடு எண்ணுவதுபோல அவற்றை எண்ணி முடித்தால்தான் அவளுக்குத் தேநீர் இறங்கும். அதற்குள் அது ஆறி ஏடு கட்டிவிடும். ஆய்வு நிலையத்தில் அடுப்பு மூட்டுகிறவன் நான். வேறு ஊற்றி வைப்பேன்.

அவள் தாய் என் சிற்றப்பன் மகள். ஆகவே இவள் எனக்கு மருமகள் முறை. வயது நாற்பத்தாறு. கம்பளிச் சட்டையின் ஒரு பையில் ஸ்பேனர், மறு பையில் உலர்ந்த தயிர் உருண்டை. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை. கேட்டால், "சிக்னல் இல்ல மாமா" என்பாள்.

கோக்தாலா கிராமத்துக்கு மேலே சரிவில் எட்டுக் கம்பங்கள் நட்டிருக்கிறாள். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைக் கூடு, கூட்டுக்குள் வானத்தைக் கேட்கும் கருவி. செயற்கைக்கோள்களின் அலை வந்து சேரும் நேரத்தை வைத்துக் கம்பம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவார்கள். கம்பம் நகர்ந்தால் மலை நகர்கிறது என்று பொருள். ஆனால் சில அலைகள் பாறையிலும் இரும்பிலும் மோதிப் பிந்தி வந்து கணக்கைக் கெடுக்கும். அவற்றைப் பிரித்து ஒதுக்கும் வழியைத் தேடியே பதினாலு வருஷத்தைக் கழித்தாள். எனக்கு அதை இப்படித்தான் விளக்கினாள்:

"கல்யாண வீட்டுக்கு ஒருத்தன் வந்து, நானும் பங்காளின்னு சொல்றான். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஏழு தலைமுறைப் பாட்டன் பேரைச் சொல்லுடாம்பேன்."

"என் புரோகிராமும் அதைத்தான் கேக்குது. நேரா வந்தவன் தடுமாறாம சொல்லுவான். மோதி வந்தவன் நாலாவது பாட்டன்லயே உளறிடுவான்."

போன வசந்தத்தில் நாலாம் கம்பம் பத்தே நாளில் நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. குதிரையில் ஏறிப்போய்ப் பார்த்தோம். கம்பத்தைச் சுற்றி ஆளுயர இரும்பு வேலி. நீல வர்ணம், உச்சியில் பிறை, எங்கள் பக்கம் கல்லறைக்குப் போடுவதுபோல. அந்தப் பக்கம் புதிதாக மேய்க்க வந்த ஜுமாபாய்க் கிழவர் போட்டது.

"யாரோ பெரியவர் கல்லறைன்னு நெனச்சேன் மகளே. வேலி இல்லாம மாடு முதுகு தேய்க்குது. மனசு கேக்கல."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஸ்பேனரை எடுத்தாள். இருவருமாக வேலியைக் கழற்றிப் படுக்க வைத்தோம். கிழவர் எங்களுக்காகக் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டுத் தொழுதார்.

நிலையத்துக்குத் திரும்பி வந்து, உளறிய அலைகளையெல்லாம் ஒதுக்கிக் கணக்குப் போட்டாள். மிஞ்சியவையும் நான்கு சென்டிமீட்டர் என்றே சொல்லின. ஊரை அப்புறப்படுத்தச் சொல்லி அறிக்கை எழுதினாள். அதில், 'நாலாம் கம்பத்தைச் சுற்றி இரும்பு வேலி இருந்தது' என்றும் ஒரு வரி.

"அந்த வரிய விட்டுடேன் தாயீ" என்றேன்.

"பாத்ததை எழுதாம விட்டா நானும் மோதி வந்தவதான் மாமா."

இயக்குநர் அபில்காஸி அந்த வரியின் மேல்தான் விரலை வைத்தார். "வேலின்னு நீயே எழுதியிருக்கியேம்மா. அது பொய் சொல்லியிருந்தா ஊரைக் கிளப்பினவன்னு என் பேருதானே கெடும்? இன்னும் ஒரு மாசம் பாரு."

"வேலி போட்டது ஒரே நாள்லங்கய்யா, அதோட பிழைன்னா ஒரே தாவல்ல நின்னிருக்கும். கம்பம் தெனமும் இறங்குது."

"ஒரு மாசம்."

கையெழுத்து விழவில்லை. அது இல்லாமல் அரசாங்கக் கூடாரம் வராது, தீவனம் வராது. அவள் நேரே கோக்தாலாவுக்குப் போய் அண்ணன் எசென் வீட்டு வாசலில் நின்றாள். ஆடுகள் குட்டி போடும் வாரம். அவன் முழங்கை வரை ரத்தமாக வந்தான்.

"ரெண்டு விரக்கடை மண்ணு நகந்துச்சாம், பெரிய சேதி! நனைஞ்ச குட்டியோட வெட்டவெளியில எங்கடி போக? கூடாரம் கொண்டா, வர்றேன்."

"அண்ணே, நான் சொல்றேன்ல."

"நீ சொல்ற, உன் ஆபீசரு சொல்லலியே. உனக்கே அங்க மதிப்பில்ல, என் ஆட்டுக்கு எங்கேருந்து வரும்?"

அண்ணியையும் பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் வீட்டில் விட்டாள். எசென் ஆடுகளோடு தங்கிவிட்டான். அதிலிருந்து பதினேழாம் நாள் காலை சரிவு இறங்கியது. பதினோரு வீடு போயிற்று. எசெனையும் இன்னும் ஆறு பேரையும் நான்கு நாள் தோண்டிப் பிணமாக எடுத்தோம்.

விசாரணைக்கு வந்தவர்கள், வேலியின் காரணமாக அளவுகள் நம்பத்தக்கவையாக இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆதாரம் என்று காட்டியது அவளுடைய ஒரு வரியைத்தான். அபில்காஸி இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார். இவளும் அதே திரைக்கு முன்னால்தான் இருக்கிறாள். ஜுமாபாய் மட்டும் அந்தப் பக்கம் வருவதில்லை.

எசென் இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு அபில்காஸி வந்தார். அண்ணியைத் தழுவி, "விதிம்மா, மலையை யார் பிடிச்சு நிறுத்த முடியும்?" என்றார். பந்திக்கு முன் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்காரர் கடமை. எசெனின் பிள்ளைகள் சிறிசுகள் என்பதால் சால்கினாயே செம்பை எடுத்தாள், தோளில் துண்டு. ஒவ்வொருவருக்கும் மூன்று முறை வெதுநீர் சாய்த்துத் துண்டை நீட்டினாள். இயக்குநருக்கும் மூன்று முறை, ஒரு சொட்டுக் குறையாமல். அவர் துண்டுக்குக் கையை நீட்டினார். அவள் அதைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த விருந்தாளியிடம் நகர்ந்தாள். ஈரக் கையை உதறுவது எங்களில் அமங்கலம், அதிலும் சாவு வீட்டில். அத்தனை பேர் பார்த்திருக்க அவர் பத்து விரலையும் விரித்துக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்தவர் கைக்குச் செம்பைச் சாய்த்தாள்.