மழைக்குக் கைதட்டிய காலை

மழை பெய்தால் ரப்பர் பால் மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. சுங்காய்ப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தபோது அதைச் சிரித்தே விழுங்கப் பழகியிருந்தோம். ஒரு நாள் காலை, வேலைக்கு முன் வரிசையில் நிற்கும் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே மழை கொட்டியது. என் கணவர் வானத்தைப் பார்த்துக் கைதட்டினார்.

"நல்லா ஊத்து சாமி! இன்னிக்கு நமக்கெல்லாம் ஜாலி லா!"

எல்லோரும் சேர்ந்து தட்டினோம். ஈப்போவிலிருந்து புதிதாக வந்திருந்த, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியும் குடைக்குள் நின்று சிரித்தார். தமிழர்தானே, புரிந்துதான் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நாட்களிலும் காலையில் மழை பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட நாட்களில் மழை ஓய்ந்ததும் புல் வெட்டும் வேலையாவது கொடுப்பார்கள். இந்த முறை அதுவும் இல்லை. ஆபீசுக்கே போய்க் கிராணியிடம் கேட்டேன்.

"நாந்தாங்கக்கா தொரைகிட்ட சொன்னேன். மழைன்னா இவங்களுக்குக் கொண்டாட்டம், வீட்லயே இருக்கட்டும்னு. சந்தோஷந்தானே?"

குத்திக்காட்டுகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை. எங்களுக்கு நல்லது செய்துவிட்ட நிறைவுதான் அதில் இருந்தது. எங்கள் மொழிதான் பேசினார்; ஆனால் மழையால் சம்பளம் போய் ஒரு நாளும் அடுப்பு மூட்டாமல் இருந்தவர் இல்லை.

"ரொம்ப சந்தோஷங்கய்யா" என்றேன். அதையும் அப்படியே நம்பினார்.

இப்போது ஈப்போ பக்கம் சிலிபினில் இருக்கிறோம். மகளுக்கு பேங்க் வேலை, மாதச் சம்பளம். நேற்று ஜன்னலோரம் நின்று, "நல்ல மழைமா, ஜாலியா இருக்கு லா" என்றாள்.

அவள் முகத்தையும் பார்த்தேன்.

உண்மையாகத்தான் சொன்னாள்.