கால் கிலோ முந்திரிக்குப் பதினோரு டிங்

நாங்கள் அப்போது குடியிருந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில், சுரங்கத்தில் நிரந்தர வேலையில் இருந்த ஒரு பெர்மனென்ட்காரருடைய குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில். அதை அவர் வாடகைக்கு விடக் கூடாது, விட்டிருந்தார். அதனால் பகலில் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும், வெளியில் துணி காயப்போடக் கூடாது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்காரக் கூடாது. ஒரே அறை, ஒரே ஜன்னல். அந்த அறையில்தான் பகல் முழுக்க நான் வேலை பார்க்க வேண்டும். அதே அறையில்தான் என் கணவர் பகல் முழுக்கத் தூங்க வேண்டும்.

அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி, கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலக்கரி போகும் பெல்ட்டின் ஓரத்தில் நின்று சிந்துகிற கரியை வாரிப் போடுவதும், பெல்ட் விலகாமல் பார்த்துக்கொள்வதும் வேலை. அந்த மாதங்களில் தொடர்ந்து நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்குப் பாயில் சாய்வார். எட்டு மணிக்குத்தான் என் வேலையும் ஆரம்பம்.

என் வேலை என்ன என்று உறவுக்காரர்களுக்குப் புரியவைத்து நான் ஜெயித்ததே இல்லை. ஆன்லைன் கடை ஒரு சாப்ட்வேர், சரக்கு இருப்பு இன்னொன்று, கூரியர் மூன்றாவது. மூன்றும் தாமாகப் பேசிக்கொள்ளாது. பேசவைப்பது நான், சென்னையில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்காக. என் பொறுப்பில் இருந்த கடைகளில் பெரியது, காடாம்புலியூர்க்காரர் ஒருவரின் முந்திரிக் கடை. இணைப்பை முடித்த அன்று, எதற்கெல்லாம் போனில் தகவல் வர வேண்டும் என்று அவரைக் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்ட வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு வுடாம எல்லாத்தையும் அனுப்பும்மா. போனு டிங்கு டிங்குனு அடிச்சிக்கினே இருக்கணும். கடைக்கு வர்றவங்களுக்கு யாவாரம் நடக்குதுன்னு தெரியணும்ல?" என்றார்.

அனுப்பினேன். அவருக்குப் போனதெல்லாம் எனக்கும் வந்தது. யாரோ ஒருவர் கால் கிலோ முந்திரி வாங்கினால் பதினோரு டிங். ஆர்டர் வந்தது, பில் தயார், இருப்பு குறைந்தது, குறைந்தது உறுதியானது, கூரியர் எடுத்தார், எடுத்தது உறுதியானது... கூரியர்காரர்களின் கம்ப்யூட்டர் பதில் சொல்ல ஒரு நிமிடம் தாமதித்தால் கோளாறு என்று ஒரு டிங். தானாகச் சரியானதும் சரியானது என்று இன்னொரு டிங். தீபாவளி நெருங்க நெருங்க எனக்கு முந்திரியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

சத்தத்தை அணைத்து வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஒரு நாள் அணைத்தும் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து இருப்பு எண்ணிக்கை நின்றுபோய், கிடங்கில் இல்லாத முந்திரியைக் கடை மாலை வரை விற்றுத் தள்ளியிருக்கிறது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நூறு வெட்டி டிங்குக்கு நடுவில் எந்த டிங் நிஜமானது என்று தெரியாததால் நூற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தலைமேல் தலையணையைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். ஒவ்வொரு டிங்குக்கும் அவர் கால் கட்டைவிரல் அசையும். நான் திரையைப் பார்க்காமல் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர் குளிக்கப் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை ஈரமாக இருந்தது.

"பெல்ட்டு ஓரமா நின்னுக்கினே தூங்கிட்டேன்டி. மேஸ்திரி மூஞ்சில தண்ணி ஊத்தி எழுப்புனாரு. இன்னொரு வாட்டி தூங்குனா ஆளையே மாத்திடுவேன்னுட்டாரு."

வேலை போவதைப் பற்றி எனக்கு அப்போது நினைப்பே வரவில்லை. பெல்ட்டின் ஓரம் என்பதுதான் காதில் நின்றது. ஓடுகிற பெல்ட்டில் கை பட்டால் என்ன ஆகும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். கோபத்தில் ஏதேதோ கேட்டேன், கடைசியில், "அங்க பெல்ட்டு ஓடுதுன்னு உங்களுக்கு அடிக்கடி போன் பண்ணிச் சொல்வாங்களா?" என்று கேட்டேன்.

"ஓடுறத எதுக்குச் சொல்லணும்? நின்னாதான் சொல்வாங்க" என்றார்.

அன்றே டிங் எல்லாவற்றையும் பிரித்து மாற்றி எழுத உட்கார்ந்தேன். சரியாக நடந்தவை எல்லாம் மாலையில் ஒரே பட்டியலாக வரட்டும். தானாகச் சரியாகிற கோளாறு வாயைத் திறக்கக் கூடாது. ஒரே கோளாறு பத்து முறை வந்தாலும் ஒரு முறைதான் சொல்ல வேண்டும். ஆள் கை வைத்தே ஆக வேண்டியது மட்டும் டிங் அடிக்கட்டும். முந்திரிக்காரர் லேசில் இறங்கவில்லை. அவருடைய போனில் மட்டும் ஆர்டர் வந்தால் ஒரு டிங் என்று பேசி முடித்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் படுத்தார். அறை அமைதியாக இருந்தது. ஒன்பது மணிக்கும் டிங் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். பத்து மணி இருக்கும், சட்டென்று எழுந்து உட்கார்ந்து காலால் பூட்ஸைத் துழாவினார்.

"என்னா, நின்னுடுச்சா?"

பெல்ட்டுக்காரருக்கு இரைச்சலில் ஒன்றும் ஆகாது. சத்தம் நின்றால்தான் எழுந்து ஓட வேண்டும். அத்தனை மாதமாக என் டிங்கையும் அவர் தூக்கத்துக்குள் அப்படித்தான் கேட்டு வைத்திருக்கிறார். "ஓடிக்கினுதான் இருக்குது, படுங்க" என்றேன். படுத்தார். அரை மணி கழித்துக் கண்ணைத் திறக்காமலே, "உன்னை வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா?" என்றார். "இல்லங்க, ஓடுது." மறுபடியும் அரை மணி. "ஓடுது." அந்த வாரம் முழுக்க அவர் பாதத்தில் கை வைத்து ஓடுது, ஓடுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனிடமிருந்து பிடுங்கிய வேலை என் தலையில் வந்து விழுந்திருந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவர் கேட்கவே இல்லை. பதினோரு மணி, பன்னிரண்டு மணி, கட்டைவிரல்கூட அசையவில்லை. மூச்சு சீராக வந்தது. முதல் முறையாகப் பகலில் கதவைத் திறந்து வெளியே போனேன். யார் பார்த்தால் பார்க்கட்டும். எங்கள் ப்ளாக்கின் கோடி வரைக்கும் நடக்க நினைத்தேன். நாலு வீடு தாண்டுவதற்குள் உள்ளங்கையில் போன் கனத்தது. ஏன் ஒன்றுமே வரவில்லை? நானே எழுதியதை நானே நம்பவில்லை. திரும்பி ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு ஆர்டராகப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சில் கை வைத்து, "ஓடுது" என்றேன், வாய்விட்டு.

அவர் எழுந்து உட்கார்ந்து பூட்ஸைத் துழாவினார்.