ஆட்டோவில் போட்ட மோட்டார்

2024 அக்டோபர் 7 – 24 யூனிட்
அக்டோபர் 8 – 11 யூனிட்
அக்டோபர் 9 – 0
அக்டோபர் 10 – 19 யூனிட்
அக்டோபர் 14 – 37 யூனிட்
அக்டோபர் 15 – 37 யூனிட்
அக்டோபர் 16 – 37 யூனிட்
அக்டோபர் 17 – 36 யூனிட்

கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் தொட்டையனின் கிணற்று மோட்டார் இழுத்த மின்சாரக் கணக்கு இது. அங்கே விவசாயத்துக்கு மும்முனைக் கரண்டு ஒரு வாரம் பகலில் வரும், மறு வாரம் இரவில் வரும். மேலே உள்ள முதல் நான்கு நாட்கள் பகல் வாரம். அடுத்த நான்கு நாட்கள் இரவு வாரம்.

தொட்டையனின் மகள் பூங்குழலிக்கு இப்படிப்பட்ட எண்கள்தான் பிழைப்பு. மைசூருக்குப் படிக்க வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். அக்ரஹாரத்தில் ஒரு மாடி வீடு, ஒரு ஸ்கூட்டர், மின்சாரக் கொள்கையை ஆராயும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை. ஆபீஸில் கன்னடம், போனில் வீட்டோடு தமிழ். ஆய்வுக்கு எடுத்த நானூற்றுச் சொச்சம் மோட்டார்களில் அப்பாவின் மோட்டாரையும் அவளே சேர்த்திருந்தாள். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். ஓடியிருந்தால் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரு நிம்மதி.

இரண்டு வருட மீட்டர் கணக்கைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அதிலிருந்து அதுவே கற்றுக்கொள்ளும்படி ஒரு மாடல் செய்திருந்தாள். இரவு வாரத்தில் விவசாயிகள் அதிகம் இறைக்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு இரவே வசதி என்றது மாடல். பகல் வாரத்தை நிறுத்திவிட்டு இரவில் மட்டும் கொடுக்கலாம் என்ற பரிந்துரையோடு அறிக்கை செப்டம்பரில் மின்சார இலாகாவுக்குப் போனது. முதல் பெயர் பூங்குழலியுடையது. நவம்பர் கூட்டத்தில் முடிவெடுப்பதாக இருந்தார்கள்.

அக்டோபர் 16 காலையில் அம்மா சித்தம்மா போன் செய்தாள்.

“ராத்திரியெல்லாம் மழ ஊத்தி எடுத்துருச்சு கண்ணு. காட்டுல மொழங்கால் தண்ணி. நீ வந்தீன்னா மீன் புடிக்கலாம்.”

பூங்குழலியின் திரையில் முந்தின இரவுக் கணக்கு இருந்தது. முப்பத்தேழு யூனிட்.

“அத்தன மழையில மோட்டார எதுக்கும்மா ஓட்டுனீங்க?”

“ஆரு ஓட்டுனா? ஆட்டோல கெடக்குது. கரண்டு வந்தா அது பாட்டுக்கு ஓடுது. ஆனை நிக்கிற எடத்துல போயி உங்கப்பன் அமத்திப்போட்டு வரோணுமா? நீ வந்து அமத்திட்டுப் போ, பெரிய கம்ப்யூட்டர்காரி!”

அம்மா சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். பூங்குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானே கிளப்பிவிடும் அந்த ஆட்டோ பெட்டியை அப்பா மாட்டியபோது, டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான். பகலென்றால் அப்பா காட்டில் இருப்பார். ஈரம் போதும் என்று பட்டால் கையால் அணைப்பார். இரவில் யானைக்குப் பயந்து யாரும் கிணற்றுப் பக்கம் போவதில்லை. கரண்டு இருக்கும்வரை மோட்டார் ஓடும், பயிருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தாலும் வேண்டாவிட்டாலும். மைசூரில் உட்கார்ந்து மாடல் கட்டிய நாட்களில் இந்தப் பெட்டி ஒருமுறைகூட அவள் நினைவுக்கு வரவில்லை.

ஒரு வீட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று மழை அளவுகளை வாங்கினாள். பெருமழை பெய்த இரவுகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தாள். ஆறில் ஐந்து மோட்டார்கள் அந்த இரவுகளிலும் முழு நேரம் ஓடியிருந்தன.

ஆபீஸில் அவளோடு தமிழில் பேசும் ஒரே ஆள் நிறுவனத் தலைவர் இராமச்சந்திரன். அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மாடல் தொண்ணூறு சதம் சரியாச் சொல்றதுன்னு நீதானேம்மா சொன்னே?”

“சரியாத்தான் சார் சொல்லுது. கரண்டு எப்ப இருந்துச்சுன்னு சொல்லுது. தண்ணி எப்ப வேணும்னு நாம அதுகிட்ட கேக்கவே இல்லையே.”

“அடிக்குறிப்பா ஒண்ணு போட்டுடலாமே. எதுக்கு அறிக்கையை வாபஸ் வாங்கணும்?”

“அடிக்குறிப்ப யாரு சார் படிப்பாங்க? பகல் கரண்டு நின்னுட்டா, மடை திருப்பறதுக்கு ஊரே ராத்திரியில காட்டுக்குப் போவோணும். பெட்டி மோட்டாரத்தான் கிளப்பும். மடைய அதுவா திருப்பும்?”

“தப்புன்னு எழுதினா உன் பேர்லதான் போகும். யோசிச்சுக்கோ.”

“போகட்டும் சார்.”

“சரியான ஹடமாரிம்மா நீ,” என்றார் அவர், பிடிவாதக்காரி என்பதைக் கன்னடத்தில். ஆனாலும் அவள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்து, ஒரு வாக்கியத்தைத் திருத்தி, அவள் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டார். அக்டோபர் 25 அன்று அது இலாகாவுக்குப் போயிற்று.

கிடைத்தது என்று நவம்பரில் ஒரு வரிக் கடிதம் வந்தது. கூட்டம் தள்ளிப் போயிற்று. டிசம்பரில் ஆதாரம் கேட்டு ஒரு கடிதம். மழைக் கணக்கை அனுப்பினாள். அந்த வருடக் கருத்தரங்கில் அவள் பேசுவதாக இருந்த இடத்தில் வேறொருவர் பேசினார். காத்திருந்த நாட்களில் மாடலைப் பிரித்து முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு மோட்டாரும் ஆட்டோவா, கையா என்று நேரில் போய்க் கேட்டு எழுத இந்த முறை அட்டவணையில் ஒரு பத்தி ஒதுக்கினாள்.

இலாகாவின் கடைசிக் கடிதத்தை ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“பகல் கரண்டு நிக்காதுப்பா. பழையபடி மாறி மாறி வரும்.”

“ராத்திரிக் கரண்டு?”

“அதுவும் வரும்.”

“அட, இருந்தது இருக்கறதுக்கா நாலு மாசமா எழுதீட்டுக் கெடந்தே?” தொட்டையன் சிரித்தார். பிறகு, “சரி கண்ணு. இந்த வாரம் பகல்தான். மடை திருப்பப் போறன்,” என்றார்.

அந்தக் கடிதம் வந்தது 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.