இடது கையில் பிறந்த ஈப்போக்காரர்

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ஒரு புட்டி வாசனை எண்ணெய்க்காக ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைத்தவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். வாசலிலேயே கம்பெனியின் தேநீர்க் கடை. மலை பார்க்க வருகிறவர்கள் குடித்துவிட்டுப் பொட்டலம் வாங்கிப் போவார்கள். ஒருநாள் தோட்டத்து மேலாளரான துரைக்கு யோசனை பிறந்தது.

"வாங்குறவன், விக்கிற கடைக்காரன், வேலை செய்ற ஆளு, எல்லாரும் ஒரே புக்குல எழுதணும். ஒருத்தன் கேட்டா இன்னொருத்தன் பதில் போடணும். நீதான் பாத்துக்கணும்."

துரைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நீள நோட்டு ஒன்று கடை மேசையில் கயிற்றால் கட்டப்பட்டது. பத்து நாளில் யாரோ ஒரு குழந்தை வரைந்த கோழியைத் தவிர அதில் எதுவும் இல்லை. துரையோ தினமும் கேட்டார். தாங்க முடியாமல் நானே இடது கையால் 'ஈப்போ வாடிக்கையாளர்' ஆனேன். "தேநீர் அருமை, கடிக்க ஏதும் கிடைக்குமா?" என்று கேட்டேன். வலது கையால் "ஆவன செய்யப்படும்" என்று நானே பதிலும் போட்டேன்.

ஆள் இருக்கிற கடையில்தானே ஆள் நுழையும்! நோட்டு கலகலத்தது. பொட்டலம் கிழிந்து வருகிறது என்று எங்கள் தூளை விற்கும் பக்கத்து ஊர் ரிங்லெட் கடைக்காரர் எழுதினார். "உங்க கடை எலியக் கேளுங்க" என்று பொட்டலம் கட்டும் அக்கா அதன் கீழேயே எழுதினாள்.

அந்த நேரத்தில்தான் நான் எண்ணெய் வாங்கினேன்.

தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் பெண்கள் மல்லிகையைக் கழற்றி வாசலில் ஒரு டின்னில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தேயிலை காய வைக்கும் டிரையரைப் பார்த்துக்கொண்டவர் பீடிக்கட்டை வெளி ஜன்னலில் வைத்துவிட்டு வருவார். நான் மட்டும் தலை மணக்க மணக்க உள்ளே போனேன். சலிக்கிற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் டிரையர்காரர் கத்தினார்.

"டேய் கிராணி! வேல பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? போய்த் தலையக் கழுவிட்டு வா லா!"

அந்தக் குளிரில் கழுவினேன். யாருக்காக எண்ணெய் பூசினேனோ, அவள்தான் அதிகம் சிரித்தாள்.

அன்று ஈப்போக்காரர் மறுபடி பேனா பிடித்தார்: "இம்முறை வாங்கிய தூளில் பீடி நாற்றம். டிரையர் பக்கம் யாரோ புகைக்கிறார்கள்."

டிரையர்காரர் படிப்பார், குதிப்பார், நான் சிரிப்பேன், மாலையில் தாளைக் கிழித்துவிடுவேன். இதுதான் திட்டம். மாலையில் போனால் மேசையில் கயிறு மட்டும் தொங்கியது. விசாரித்தேன். ரிங்லெட் கடைக்காரர் "எனக்கும் அப்படித்தான் பட்டது" என்று கீழே எழுதியிருக்கிறார். கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்று "எங்களுக்கும்" என்று சேர்த்திருக்கிறது. அந்த ரிங்லெட் கடைக்காரரே நோட்டை அவிழ்த்துத் துரையிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டார். இல்லாத மனிதனின் மூக்குக்கு இத்தனை சாட்சி!

"வெள்ளிக்கிழம குடிச்சுப் பாப்போம்," என்றார் துரை. "பீடி வாசம் இருந்தா அவன் வேலைய விட்டுப் போகட்டும்."

வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். டிரையர்காரரின் மனைவிக்கு அது நிறைமாதம். உண்மையைச் சொன்னால் போவது என் வேலை. நாக்கு பொய் சொல்லாது, தூளில் ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நின்றன. துரை உறிஞ்சினார், துப்பினார், அடுத்த கோப்பைக்கு நகர்ந்தார். ரிங்லெட் கடைக்காரர் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார்.

"இருக்கு தொரே. லேசா இருக்கு."

துரை மறுபடி உறிஞ்சினார். "ஆமா. இருக்கு."

"தொரே, பதினாலு வருசமா பீடிய ஜன்னல்ல வச்சிட்டுத்தான் உள்ள வாறேன்," என்றார் டிரையர்காரர்.

"அப்ப இத்தன பேரும் பொய் சொல்றானா?"

டிரையர்காரர் குனிந்து ஒரு கோப்பையை முகர்ந்தார். கையை முகர்ந்தார். மறுபடி கோப்பையை முகர்ந்தார். அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"தொரே, ஈப்போக்காரர் நான்தான்." ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் வந்தது குரல்.

"ஒனக்கு எப்பய்யா ஈப்போ?" என்றார் கடைக்காரர்.

பென்சிலை இடது கையில் பிடித்து அதே வரியை நோட்டில் எழுதினேன். தமிழ் எழுத்துத் தெரியாத துரை இரண்டு வரிகளையும் சுழி சுழியாக விரல் வைத்து ஒப்பிட்டார். கடைக்காரர்தான் மெல்ல ஆரம்பித்தார்.

"எனக்கு நாலு நாளா மூக்கடைப்பு, தொரே."

துரையின் முகம் சிவந்தது. அவருக்கு மூக்கடைப்புகூட இல்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தினால் தன் நாக்கைப் பற்றியும் கம்பெனிக்கு எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் தப்பினேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஆறு மாதம் மலையில் கொழுந்து நிறுக்க அனுப்பினார். டிரையர்காரரிடம், "போய் வேலயப் பாரு," என்று மட்டும் சொன்னார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அதன் பிறகு பேச்சே இல்லை. "அண்ணே" என்று கூப்பிட்டால் டிரையரின் இரைச்சலுக்குள் போய்விடுவார். கடைசியில் வலது கையால், சொந்தப் பெயர் போட்டு, நோட்டில் ஒரு முழுப் பக்கம் மன்னிப்பு எழுதினேன். எண்ணெய், ஆத்திரம், அவர் கோப்பையை முகர்ந்தது, ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் நிறுவை முடிந்ததும் மலையிலிருந்து ஓடிவந்து பார்த்தேன். பக்கத்தின் அடியில் டிரையர்காரரின் பென்சில் எழுத்து:

"மொதல்ல தலையக் கழுவு."